வீட்டுத் தோட்டத்தில் விளக்கு வைத்து அந்துப்பூச்சி பதிவு: திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் பக்கம் வீட்டைச் சுற்றி நாலு செடி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. அந்துப்பூச்சின்னா அரிசியில வர்றதுதானே? அதுக்கு எதுக்கு விளக்கு?

நெல் குதிரிலும் அரிசிப் பானையிலும் வரும் அந்து, ஒரு பெரும் குலத்தின் ஒரு சிறு உறுப்பினர்தான். ஊரில் விட்டில் என்றும் விளக்குப்பூச்சி என்றும் சொல்கிறோமே, அவற்றில் பெரும்பாலானவை இந்தக் குலம். பட்டாம்பூச்சிக்கு நெருங்கிய உறவு. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குண்டாக இருக்கும். அந்துப்பூச்சிக்கு நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். இந்தியாவில் பட்டாம்பூச்சி இனங்கள் 1,300-க்குச் சற்று மேல். அந்துப்பூச்சிகளோ 10,000-க்கும் மேல்.

இவற்றின் புழுக்கள் பல, குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்னும். அரளியும் நந்தியாவட்டையும் இருக்கும் தெருவில் பச்சைப் பளிங்கு போன்ற அரளிப் பருந்து அந்துப்பூச்சி வரும். ஆமணக்கு நிற்கும் இடத்தில் ஆமணக்குக் காவடிப்புழுவின் பூச்சி வரும். எனவே ஒரு தோட்டத்தின் அந்துப்பூச்சிப் பட்டியல், அந்த வட்டாரத்தில் என்ன விளைகிறது, எது அழிந்துவிட்டது என்பதற்கான கணக்கும்தான்.

2. விவசாய ஆபீஸ்ல சொல்ற விளக்குப்பொறியும் இதுவும் ஒண்ணுதானா?

விளக்கு ஒன்று, நோக்கம் வேறு. வயலில் வைக்கும் பொறியில் விளக்குக்குக் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு இருக்கும். விழுந்த பூச்சி சாகும். இங்கே சொல்வது உயிரோடு பார்த்து, எண்ணி, படம் எடுத்து, விட்டுவிடும் முறை. தண்ணீர்த் தட்டில் நனைந்து செதில் உதிர்ந்த பூச்சியை வைத்து இனம் சொல்வதும் கடினம்.

3. விளக்கைப் பார்த்து ஏன் வருது? நிலான்னு நினைச்சா?

வெகுகாலம் அப்படித்தான் சொல்லப்பட்டது. அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2024-இல் வெளியான ஆய்வு வேறு விளக்கம் தருகிறது. பறக்கும் பூச்சி, வெளிச்சமான பக்கம் வானம் என்று கொண்டு தன் முதுகை எப்போதும் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளும். பக்கத்தில் விளக்கு இருந்தால் முதுகு அதன் பக்கம் திரும்பி, பூச்சி விளக்கையே சுற்றிச்சுற்றி மாட்டிக்கொள்கிறது. அது ஆசைப்பட்டு வருவதில்லை. வழி தவறி நிற்கிறது. வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

ஒரு சிறு விளக்கு ஊரெல்லாம் உள்ள பூச்சியை இழுத்துவிடாது. சில பத்து மீட்டருக்கு அப்பால் அதன் இழுப்பு மிகக் குறைவு. வருபவை உங்கள் தோட்டத்தையும் அண்டை வீட்டுத் தோட்டத்தையும் சேர்ந்தவை.

4. முதல்ல என்ன வாங்கணும்? இருக்கிறதை வச்சு ஆரம்பிக்க முடியாதா?

தாராளமாக முடியும். ஒரு வெள்ளை நாலு முழப் பருத்தி வேட்டி, இரண்டு கம்பு அல்லது துணி காயப்போடும் கொடி, ஒரு விளக்கு, ஒரு நோட்டு, செல்போன். வேட்டியைச் சுருக்கம் இல்லாமல் விரித்துக் கட்டி, கீழ் ஓரம் ஓர் அடி தரையில் விரிந்து கிடக்கும்படி விடுங்கள். பூச்சிகளில் பாதி அந்தக் கீழ்த் துணியில்தான் உட்காரும். கவனமில்லாமல் நடந்தால் மிதித்துவிடுவீர்கள். விளக்கைத் துணிக்கு முன்னால் ஓர் அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள். துணியில் முட்டிக்கொண்டு இருந்தால் சூட்டில் கருகும்.

5. எந்த பல்பு போடணும்? எல்.இ.டி. ஆகாதா?

அந்துப்பூச்சிக் கண்ணை அதிகம் ஈர்ப்பது புற ஊதா ஒளி. வீட்டு எல்.இ.டி. பல்பில் அது ஏறக்குறைய இல்லை. அதனால் கொஞ்சம்தான் வரும். ஆனால் கையில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் அதிலேயே தொடங்குங்கள். அடுத்த படி, புற ஊதா ஒளி தரும் 8 வாட் பிளாக்லைட் ட்யூப். ஒரு அடிக்குச் சற்றுக் குறைந்த நீளம், அலைநீளம் சுமார் 365 நானோமீட்டர். புற ஊதா எல்.இ.டி. பட்டை வாங்கினால் அதே 365 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395; வேலை செய்யும், இழுப்பு குறையும்.

160 வாட் பாதரச ஆவி பல்பு இவை எல்லாவற்றையும்விட அதிகம் இழுக்கும். சோக் தேவையில்லாத வகையை நேரே 230 வோல்ட் இணைப்பில் மாட்டலாம். ஆனால் தெரு முழுக்க வெளிச்சமாகும், பக்கத்து வீட்டில் தூங்க முடியாது, கடைகளிலும் அரிதாகிவருகிறது. வீட்டுத் தோட்டத்துக்கு 8 வாட் ட்யூபே போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வாரா வாரம் சிரமமில்லாமல் போட முடிகிற விளக்குதான் நல்ல விளக்கு.

எந்தப் புற ஊதா விளக்கையும் உற்று நோக்காதீர்கள். பாலிகார்பனேட் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது.

6. வாட்டர் ஃபில்டர்ல இருந்த யு.வி. ட்யூப் சும்மா கிடக்கு. அதைப் போடலாமா?

கூடவே கூடாது. அது கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் ஒளி. கண்ணின் மேற்பரப்பையும் தோலையும் நிமிடக் கணக்கில் சுட்டுவிடும்; வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பார்த்தே பிரித்தறியலாம்: கிருமிநாசினி ட்யூப் சுத்தமான கண்ணாடியாக உள்ளே தெரியும்படி இருக்கும். பிளாக்லைட் ட்யூப் கருநீலமாகவோ பால்வெள்ளைப் பூச்சோடோ இருக்கும். பாதரச ஆவி பல்பின் வெளிக்கண்ணாடி உடைந்த பிறகும் எரிந்தால் அதே ஆபத்து, உடனே அணையுங்கள்.

7. ராத்திரி முழுக்க முழிச்சிருக்க முடியாது. பெட்டி மாதிரி ஒண்ணு செய்யலாமா?

20 லிட்டர் காலிப் பெயிண்ட் வாளியில் செய்துவிடலாம். நன்றாகக் கழுவி, வாடை போகும்வரை வெயிலில் வையுங்கள். வாளி வாய்க்குப் பொருந்தும் பிளாஸ்டிக் புனல் ஒன்று வாங்கி, மூக்கை அறுத்து 5 சென்டிமீட்டர் துளை கிடைக்கும்படி செய்யுங்கள். துளை சிறுத்தால் பருந்து அந்துப்பூச்சிகள் உள்ளே போகாது. பெருத்தால் போனதெல்லாம் திரும்பி வெளியே வரும்.

புனலுக்கு மேல், 30 சென்டிமீட்டர் உயரமுள்ள, கண்ணாடி போன்ற மூன்று அக்ரிலிக் தகடுகளை நட்சத்திரம்போல் நிறுத்தி, நடுவே ட்யூபைச் செங்குத்தாகப் பொருத்துங்கள். சுற்றி வரும் பூச்சி தகட்டில் மோதிப் புனலில் சறுக்கும். தலைக்கு மேல் மழைக்கு ஒரு பழைய தட்டு. வாளி அடியில் நான்கு சிறு துளைகள் போட்டு உள்பக்கம் கொசுவலை ஒட்டினால் தண்ணீர் தேங்காது. உள்ளே முட்டைக் கடையில் கிடைக்கும் முட்டை அட்டைகள் மூன்று, நான்கைச் செங்குத்தாகச் செருகுங்கள். அட்டை இல்லாத வாளியில் பூச்சிகள் இரவெல்லாம் படபடத்து இறக்கை கிழிந்து கிடக்கும். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மின்சாரம் எட்டாத இடத்தில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி போதுமா என்று கணக்குப் போடலாம். அதில் 84 வாட்-அவர் இருக்கும். 8 வாட் ட்யூப் இழப்போடு சுமார் 10 வாட் எடுக்கும். பேட்டரி கெடாமல் இருக்கப் பாதிதான் பயன்படுத்த வேண்டும். ஆக நான்கு மணி நேரம். விடிய விடிய எரிய 18 ஆம்பியர்-அவர் பேட்டரி வேண்டும்.

8. எங்க வைக்கணும்? மொட்டை மாடியா, கீழயா?

கீழே, செடிகளை ஒட்டி, மேற்கே ஒரு சுவர் மறைக்கும்படி. மாடியில் காற்று அதிகம். காற்று அடிக்கும் இடத்தில் வேட்டி படகுப் பாய்போல் அடித்துக்கொள்ளும், பூச்சி உட்காராது. தெருவிளக்கு நேராக விழாத மூலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கை, கறிவேப்பிலை, கொய்யா, வேலியோரக் கொடிகள் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஒருமுறை இடம் தேர்ந்துவிட்டால் பிறகு மாற்றாதீர்கள். காரணம் 14-ஆம் கேள்வியில்.

9. எந்த மாசம் நல்லா வரும்? அமாவாசை பார்க்கணுமா?

நம் சீமையில் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றுதான் பெரிய தடை. குற்றாலம், தென்காசிப் பக்கம் சாரலால் செடி பச்சையாக இருந்தாலும் காற்றால் பொறி படுத்துவிடும். காற்று அடங்கும் இரவைப் பிடிக்க வேண்டும். கோடை மழைக்கு அடுத்த இரவுகளும், ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டுப் புழுக்கமாக இருக்கும் இரவுகளும் மிகச் சிறந்தவை. திசையன்விளை, சாத்தான்குளம் செம்மணல் தேரிப் பக்கம் மழைக்குப் பிந்திய சில வாரங்களைத் தவறவிடவே கூடாது.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் இரண்டு நெற்பருவத்திலும் வயலோர வீடுகளில் தண்டுத் துளைப்பானும் இலைச்சுருட்டுப் புழுவின் பூச்சியும் துணியை நிறைக்கும். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களுக்கு அருகில் பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் பெரிய அந்துப்பூச்சிகளை எதிர்பாருங்கள். இவற்றின் புழு எலுமிச்சையைத் தின்பதில்லை. வேலியில் படரும் சீந்தில் கொடியைத் தின்று வளரும்.

முழுநிலவில் வரத்து குறையும், அமாவாசையை ஒட்டிக் கூடும். ஆனால் அமாவாசைக்கு மட்டும் போட்டால் மற்ற நாள் கணக்கு கிடைக்காது. வாரம் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, தினசரிக் காலண்டரைப் பார்த்துத் திதியைக் குறித்தால் போதும்.

10. மழை விட்டதும் விளக்கு போட்டேன். ஈசல் வந்து மூடிருச்சு. என்ன செய்ய?

விளக்கை அணைத்துவிட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் பொறுங்கள். ஈசல் புறப்பாடு பெரும்பாலும் அதற்குள் ஓய்ந்துவிடும். அணைத்த நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அறுவடைச் சமயம் வயலோரத்தில் பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் மாவு தூவியதுபோல் வரும். அவற்றுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. துணியை வயலுக்கு முதுகு காட்டித் திருப்பிக் கட்டினால் ஓரளவு குறையும்.

11. கரண்ட் போயிட்டு வந்தா பல்பு எரிய மாட்டேங்கு. பழுதா?

பாதரச ஆவி பல்பாக இருந்தால் பழுது இல்லை. சூடாக இருக்கும்போது அது மறுபடி பற்றாது. ஆறிய பிறகு சில நிமிடங்களில் தானே எரியும். அதற்குள் சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். சூடான கண்ணாடியில் மழைத்துளி விழுந்தால் விரிசல் விடும், எனவே மேலே மறைப்பு தேவை. எந்த விளக்கானாலும் வெளியே இழுக்கும் ஒயரில் ஒட்டு இருக்கக் கூடாது. பிளக் தரையில் கிடக்கக் கூடாது. கசிவு கண்டால் தானே நிறுத்தும் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்து மட்டும் எடுங்கள்.

12. கடிக்கிறது, கொட்டுறது எதுவும் வருமா?

அந்துப்பூச்சி கடிக்காது. கூட வருபவைதான் கவனிக்க வேண்டியவை. முதலில் ஆசிட் பூச்சி: எறும்பு போல மெலிந்து, கருப்பும் ஆரஞ்சும் மாறிமாறி இருக்கும், நெல்வயல் பக்கம் நிறைய வரும். இது கடிப்பதில்லை, தோலில் வைத்து நசுக்கினால் உள்ளிருக்கும் நீர் பட்டு ஓரிரு நாளில் கொப்புளம் வரும். கழுத்தில் உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணைத் தொடாமல் இருங்கள்.

இரண்டாவது மலைத்தேனீ. பக்கத்து மரத்திலோ தண்ணீர்த் தொட்டியிலோ பெரிய கூடு இருந்தால் இரவிலும் விளக்குக்கு வரும். ஐந்தாறு வந்துவிட்டால் அன்றைக்கு விளக்கை அணைத்துவிடுவதே சரி. மூன்றாவது, தவளையும் தேரையும் பூச்சிக்கு வர, அவற்றுக்குப் பாம்பு வரும். செருப்பில்லாமல் போகாதீர்கள், தரைத்துணியைக் கையால் தூக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

13. பறந்துகிட்டே இருக்கு, எப்படி போட்டோ எடுக்க?

பொறியில் விழுந்ததைக் காலையில் எடுப்பது எளிது. விடிந்ததும் முட்டை அட்டையை நிழலுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலானவை அசையாமல் இருக்கும். துணியில் என்றால் நீல ஒளி நிறத்தைக் கெடுக்கும். ஒருவர் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க, மற்றவர் நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். துடிப்பானதைச் சிறு மூடி டப்பாவில் பிடித்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருபது நிமிடம் வைத்தால் அடங்கும். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் முதல் படம் மேலிருந்து, இரண்டாவது பக்கவாட்டில், பக்கத்தில் ஓர் அளவுகோல். பழம் துளைக்கும் அந்துப்பூச்சியின் முன்னிறக்கை காய்ந்த இலை போல இருக்கும்; ஆரஞ்சு நிறப் பின்னிறக்கையும் அதிலுள்ள கருப்புக் குறியும் தெரியாமல் இனம் சொல்வது சிரமம். மெல்லிய தூரிகையால் முன்னிறக்கையை லேசாகத் தள்ளினால் காட்டிவிடும்.

14. நோட்டுல என்னென்ன எழுதணும்?

இதுதான் வேலையின் உயிர். தேதி, விளக்கு போட்ட நேரம், அணைத்த நேரம், விளக்கின் வகையும் வாட்டும், துணியா பொறியா, மழை, காற்று, திதி, பிறகு ஒவ்வொரு இனமும் எத்தனை. காற்றுக்குக் கருவி வேண்டாம்: இலை அசையவில்லை, இலை அசைந்தது, கிளை அசைந்தது என்ற மூன்றே போதும். தோட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் செல்போன் வரைபடத்தில் பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

தேதியில் பலர் தடுமாறுகிறார்கள். 12-ஆம் தேதி மாலை போட்டு 13-ஆம் தேதி காலையில் எண்ணினால் அது 12-ஆம் தேதிக் கணக்கு. நள்ளிரவுக்குப் பின் வந்ததும் 12-இல்தான் சேரும்.

எண்ணிக்கை, பொறியில் ஒரு மாதிரி, துணியில் ஒரு மாதிரி. பொறியில் உள்ளதை மொத்தமாக எண்ணலாம். துணியில் எட்டு மணிக்கு மூன்று, ஒன்பது மணிக்கு நான்கு என்றால் ஏழு என்று கூட்டக் கூடாது. போனதே திரும்பி வந்திருக்கும். ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்சம், அதாவது நான்கு, அதுதான் அன்றைய எண். துணிக் கணக்கையும் பொறிக் கணக்கையும் ஒரே பத்தியில் போடாதீர்கள்.

விளக்கையோ இடத்தையோ நேரத்தையோ மாற்றினால் சிவப்பு மையில் குறியுங்கள். பிளாக்லைட் ட்யூப் வெளியே பார்க்க நன்றாக எரிந்தாலும் நாளாக நாளாகப் புற ஊதா குறையும், எனவே ட்யூப் மாற்றிய தேதியும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு பூச்சி குறைந்ததா, விளக்கு குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

15. ஒண்ணுமே வரலைன்னா? அதையுமா எழுதணும்?

ஆமாம். "போட்டேன், எதுவும் இல்லை" என்பதும் ஒரு பதிவு. எழுதாத நாளையும் வராத நாளையும் பிறகு பிரிக்க முடியாது.

16. பேர் கண்டுபிடிக்க முடியல. ஆப் சொல்றதை நம்பலாமா?

முதலில் உட்காரும் விதத்தைப் பாருங்கள். ஜெட் விமானம் போல இறக்கை பின்னிழுத்திருந்தால் பருந்து அந்துப்பூச்சி. நான்கு இறக்கையையும் சுவரோடு தட்டையாக விரித்திருந்தால் பெரும்பாலும் அளவுப்புழுக் குடும்பம். கூடாரம் போல் மடித்து, உடல் பருமனாக இருந்தால் புரோடீனியா (புகையிலை வெட்டுப்புழுவின் பூச்சி), பச்சைக் காய்ப்புழு வகையறா. முக்கோணமாக, நீண்ட காலோடு, மூக்கு நீட்டியிருந்தால் தண்டுத் துளைப்பான், இலைச்சுருட்டி வகையறா.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் படம் ஏற்றினால் பெயர் பரிந்துரைக்கும். மோத்ஸ் ஆஃப் இந்தியா தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். செயலி முதலில் காட்டும் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். தென்னிந்தியாவில் பதிவான இனமா, அதன் உணவுச்செடி அருகில் உண்டா என்று பாருங்கள். சில இணைகளை, உதாரணமாகச் சிறிய ஹிப்போடியன் பருந்து அந்துப்பூச்சிகளை, படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம். அங்கே இனத்துக்கு ஒரு படி மேலே உள்ள பேரினத்தின் பெயரோடு நிறுத்துவதுதான் நேர்மை. "தெரியாதது 7, படம் 112" என்று எழுதிவைத்தால் பின்னால் பெயர் கிடைக்கும். தப்பான பெயரை எழுதினால் தேடுவதே நின்றுவிடும்.

17. வயல் பக்கத்துல மஞ்சள் பூச்சி ஒண்ணு, பழுப்புப் பூச்சி ஒண்ணு எப்பவும் சேர்ந்தே வருது. ரெண்டு இனமா?

நெல் மஞ்சள் தண்டுத் துளைப்பானாக இருக்கலாம். பெண் மஞ்சளாக, முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு தெளிவான கரும்புள்ளியோடு இருக்கும். ஆண் சிறியது, வெளிறிய பழுப்பு, புள்ளி மங்கல். புதியவர்கள் பலர் இரண்டு இனமாக எழுதிவிடுகிறார்கள். புரோடீனியாவிலும் ஆண் பெண் வேறுபாடு உண்டு. சந்தேகம் வந்தால் 16-இல் சொன்னபடி எண் கொடுத்து வையுங்கள், பெயரில் அவசரம் வேண்டாம்.

18. காலையில பார்த்தா இறக்கை மட்டும் கிடக்கு. யார் வேலை?

இரவில் பல்லி, விடிந்ததும் கரிச்சானும் மைனாவும். தொடர்ந்து ஒரே இடத்தில் போட்டால் பறவைகள் நேரம் பழகி முன்னாலேயே வந்து காத்திருக்கும். சூரியன் எழும் முன் பொறியை எடுத்து அறைக்குள் வையுங்கள். எண்ணிய பிறகு மாலையில், அடர்ந்த செடிக்குள், ஒவ்வொரு முறையும் வேறு மூலையில் விடுங்கள். வாரம் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம். முசுறு எறும்பு ஏறினால் பொறியைச் செங்கல் மேல் வைத்து, செங்கலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள்.

19. விளக்குக்கு வராத பூச்சியை எப்படிக் கணக்கெடுக்க?

பழம் தேடி வருபவற்றுக்குக் கருப்பட்டி. கறுத்துக் கனிந்த வாழைப்பழம் அரை கிலோ, தட்டிய கருப்பட்டி கால் கிலோ, கொஞ்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, மூடியைத் தளர்வாக வைத்து இரண்டு நாள் புளிக்கவிடுங்கள். மாலை மங்கும்போது மரத்தண்டில் நெஞ்சு உயரத்தில் பூசி, அரை மணிக்கு ஒருமுறை மங்கிய டார்ச்சோடு போய்ப் பாருங்கள். பழம் துளைக்கும் அந்துப்பூச்சியும், ஆந்தைக் கண் போன்ற வட்டம் உள்ள பெரிய பழுப்புப் பூச்சியும் இப்படி வரும். இதற்குத் தனிப் பக்கம்.

பகலில் பறப்பவையும் உண்டு. இட்லிப்பூவில் தேன்சிட்டு போல் நின்றபடியே பறந்து குடிக்கும், கண்ணாடி இறக்கை உள்ள பருந்து அந்துப்பூச்சியைப் பலர் வண்டு என்று நினைக்கிறார்கள். இவற்றை விளக்குக் கணக்கில் சேர்க்காமல் "பகல்" என்று குறியுங்கள்.

20. பெரிய விட்டில் வீட்டுக்குள்ள வந்தா ஆகாதுன்னு ஆச்சி சொல்லுதா. அடிச்சுப் போடலாமா?

வேண்டாம். முதுகில் மண்டையோடு போன்ற குறி உள்ள பருந்து அந்துப்பூச்சியைப் பிடித்தால் கீச்சென்று கத்தும்; பயம் வருவது இயல்பு. ஆனால் அது எள்ளுச் செடியிலும் கத்தரிச் செடியிலும் வளர்ந்து, தேன்கூட்டில் தேன் திருட அலையும் பூச்சிதான். மலையடிவாரத்தில் வரும் அட்லஸ் அந்துப்பூச்சிக்கு வாயே வேலை செய்யாது. சாப்பிடாமல் ஏறக்குறைய ஒரு வாரம் வாழ்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். விளக்கை அணைத்து, ஒரு டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே விடலாம். ஆச்சியைக் கூட வைத்துக்கொண்டு விட்டால் இன்னும் நல்லது; எந்தச் செடியில் எந்தப் புழு என்று அவர்களுக்குத் தெரிந்தது நிறைய, அதையும் நோட்டில் எழுதுங்கள்.

21. தப்பா எழுதிட்டேன்னு மூணு மாசம் கழிச்சுத் தெரியுது. என்ன செய்யணும்?

அழிக்காதீர்கள், வெள்ளை மையும் பூசாதீர்கள். பழைய பெயர் படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதிய பெயரும், திருத்திய தேதியும், எதைப் பார்த்துத் திருத்தினீர்கள் என்பதும் எழுதுங்கள். பிறகு அதே பெயரில் அதற்கு முன் எழுதிய எல்லாப் பதிவுகளின் படங்களையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். படம் இல்லாதவற்றுக்கு எதிரே கேள்விக்குறி போட்டு அப்படியே விடுங்கள்.